சுவரைத் தொட்டுப் பார்த்த சிறுவன்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், மலைகளும் ஏரிகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும் நிலப்பகுதியில், காக்கர்மவுத் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் 1770ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் பிறந்தார். தந்தை ஜான், அப்பகுதியின் பெருநிலக்கிழாராகிய சர் ஜேம்ஸ் லௌதருக்குச் சட்ட அலுவல்களைக் கவனித்து வந்த வழக்கறிஞர். வீட்டுத் தோட்டத்தின் எல்லையில் டெர்வென்ட் ஆறு ஓடியது. ஐந்து குழந்தைகளில் வில்லியம் இரண்டாமவர். அவருக்கு அடுத்துப் பிறந்தவர் தங்கை டாரதி. குழந்தைப் பருவத்தைப் பாடிய கவிஞர் என்றே வேர்ட்ஸ்வொர்த் உலகெங்கும் அறியப்படுகிறார். ஆனால் அவர் பாடிய அப்பருவத்தில் தாலாட்டும் விளையாட்டுப் பொருள்களும் மிகக் குறைவு, அச்சமே மிகுதி. இதனை மனத்திற் கொள்ளாவிட்டால், பின்னாளில் அவர் இழந்ததாகச் சொல்லி வருந்தியது எதனை என்பது விளங்காமற் போய்விடும்.

1778ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தாய் மறைந்தார். வில்லியமுக்கு எட்டு வயது நிறையவில்லை. டாரதியைத் தொலைவிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் மீண்டும் சந்திக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. மறு ஆண்டு சிறுவனை ஹாக்ஸ்ஹெட் என்னும் ஊரில் இருந்த பள்ளியில் சேர்த்தனர். அங்கே ஆன் டைசன் என்னும் மூதாட்டியின் வீட்டில் தங்கிப் படித்தான். அந்த அம்மையார் பிள்ளைகளுக்கு வேளை தவறாமல் உணவிட்டாரேயன்றி, அவர்கள் எங்கே திரிகிறார்கள் என்று துருவிக் கேட்கவில்லை. இந்தக் கட்டற்ற உரிமையே வேர்ட்ஸ்வொர்த்துக்குக் கிடைத்த முதற்கல்வி எனலாம்.

இரவில் மலைச்சரிவுகளில் பறவைகளுக்குக் கண்ணி வைப்பது, காக்கைக்கூடுகளைத் தேடிச் செங்குத்தான பாறைகளில் தொற்றுவது, உறைந்த ஏரிமீது இருள் கவிந்த பின்னும் சறுக்கி விளையாடுவது என்று அவனுடைய பொழுதுகள் கழிந்தன. வேறொருவன் வைத்த கண்ணியில் அகப்பட்ட பறவையை ஒருநாள் எடுத்துக்கொண்டபோது, தனக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டபடி நடந்து வருவதைக் கேட்டான். மற்றொரு நாள் மாலை, அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கட்டியிருந்த படகொன்றை உரியவர் அறியாமல் அவிழ்த்துத் துடுப்பிட்டுச் சென்றான். கரையிலிருந்து விலக விலக, அண்மைக் குன்றுக்குப் பின்னே அதுவரை மறைந்திருந்த பெரிய மலைமுகடு மெல்லமெல்ல எழுந்தது. பார்வைக் கோணத்தின் விளைவு அது. துடுப்பை வலிக்குந்தோறும் மலை உயர்ந்துகொண்டே போகும். சிறுவனுக்கோ மலை உயிர்பெற்றுத் தன்னைத் துரத்தி வருவதாகத் தோன்றியது. நடுங்கியபடியே படகைத் திருப்பி, இருந்த இடத்தில் கட்டிவிட்டு வீடு திரும்பினான். அதன்பின் பல நாள்கள் மரமும் வயலும் அவன் மனத்தைவிட்டு அகன்று, பெயரற்ற பேருருவங்களே அங்கு உலவின.

அதனினும் விந்தையான செய்தி ஒன்றுண்டு. எழுபத்து மூன்றாம் வயதில், 1843இல், தம் பாடல்கள் பிறந்த வரலாற்றை இசபெல்லா ஃபென்விக் என்னும் நண்பருக்கு அவர் சொல்லி எழுதுவித்தார். பள்ளிக்குச் செல்லும் வழியில், சுற்றியிருக்கும் பொருள்கள் எல்லாம் தம் மனத்துக்குள்ளேயே இருப்பன போலவும், வெளியே திண்ணிய உலகம் என்று ஒன்று இல்லை போலவும் அடிக்கடி தோன்றியது என்றும், அந்தப் பாழிலிருந்து தம்மை மீட்டுக்கொள்ள அருகிலிருந்த சுவரையோ மரத்தையோ கையாற் பற்றிப் பார்த்ததுண்டு என்றும் அதில் குறித்துள்ளார். சாவு என்பது தமக்கும் உரியது என்பதை அந்த வயதில் அவரால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. முதுமையில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறானது. கண்முன் நிற்கும் பொருள்களே மனத்தை முழுவதும் ஆளத் தொடங்கிவிட்டன என்பது அவருடைய வருத்தம். கற்பனையிலிருந்து தப்பிக்கச் சுவரைத் தேடிய அதே சிறுவன், கிழவரானபின் சுவர் சுவராக மட்டுமே நிற்பதைக் கண்டு துயருற்றார்.

1783ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தம்மை அழைத்துப்போகும் குதிரைகளை எதிர்பார்த்து, மூடுபனியில் ஒரு பாறைமேட்டில் சிறுவன் காத்திருந்தான். வீடு சேர்ந்த சில நாள்களுக்குள், டிசம்பர் 30ஆம் நாள், தந்தையும் இறந்தார். அன்று வீடு திரும்ப அளவுகடந்து ஆசைப்பட்டதற்குக் கிடைத்த தண்டனையாகவே பதின்மூன்று வயதுப் பிள்ளை அதனைக் கருதினான். குழந்தைக் கற்பனையின் கொடிய பக்கம் இது. உலகில் நிகழும் அனைத்துக்கும் தானே காரணம் என்று அது நம்பிவிடுகிறது. தந்தைக்கு லௌதர் தரவேண்டியிருந்த பெருந்தொகையை அவர் உயிரோடிருந்த வரையில் பிள்ளைகளால் பெற முடியவில்லை. 1802இல் அவர் இறந்து, வாரிசு பொறுப்பேற்ற பின்னரே அதற்கு வழி பிறந்தது.

கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் கழிந்த ஆண்டுகளைப்பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. 1790ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ராபர்ட் ஜோன்ஸ் என்னும் நண்பருடன் பிரான்ஸ் நாட்டைக் கால்நடையாகக் கடந்து ஆல்ப்ஸ் மலைக்குச் சென்றார். சிம்ப்லான் கணவாயில் வழி தவறி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது எதிர்ப்பட்ட குடியானவன் ஒருவன், இனி இறங்க வேண்டியதுதான், ஆல்ப்ஸை முன்பே கடந்தாயிற்று என்று தெரிவித்தான். பல மாதங்களாக மனத்தில் வளர்த்துவைத்திருந்த அந்தக் கணம், வந்ததும் தெரியாமல் போயிருந்தது. வாழ்க்கையில் பின்னரும் இவ்வாறே நேர்ந்தது. எதிர்பார்த்த இடத்தில் கிட்டாத ஒளி, திரும்பிப் பார்க்கையில் கிட்டியது.

1791 இறுதி முதல் 1792 இறுதிவரை பிரான்ஸில் தங்கிப் புரட்சியின் நம்பிக்கையில் திளைத்தார். ஆனெத் வலோன் என்னும் பெண்ணிடம் காதல் கொண்டார். அவர்களுக்குக் கரோலின் என்னும் மகள் பிறந்தாள். கையில் பொருளின்றி அவர் இங்கிலாந்து திரும்பியதும் இரு நாடுகளுக்குமிடையே போர் மூண்டது. மகளை அவர் முதன்முதலாகக் கண்டது 1802இல், அவளுக்கு ஒன்பது வயதானபோதுதான். புரட்சி குருதியில் முடிந்ததும், தம் குடும்பம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டதும் அவரை நெடுநாள் நிலைகுலையச் செய்தன. 1795இல் மறைந்த இளம் நண்பர் ரெய்ஸ்லி கால்வர்ட் விட்டுச்சென்ற 900 பவுன் கைக்கு வந்ததால், டாரதியோடு ஒரே வீட்டில் வாழவும் கவிதையை மட்டுமே நம்பியிருக்கவும் இயன்றது. அக்காலத்தில்தான் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜின் நட்பும் வாய்த்தது. 1798இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ‘லிரிக்கல் பேலட்ஸ்’ தொகுதியில், இறந்த உடன்பிறப்புகளையும் சேர்த்துத் தாங்கள் எழுவர் என்று சாதிக்கும் சிறுமியைப் பற்றிய பாடல் இருக்கிறது. அச்சிறுமியின் உருவத்தை அவர் வழிப்பயணத்தில் கண்டிருந்தார். அவளுடைய பிடிவாதமோ ஹாக்ஸ்ஹெட் சிறுவனுடையது.

அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஜெர்மனியின் கோஸ்லார் நகரில் அண்ணனும் தங்கையும் அறைக்குள் அடைபட்டிருந்தனர். பேச்சுத் துணையில்லை; கையில் நூல்களும் இல்லை. கடுங்குளிரில் அவர் எழுதத் தொடங்கியவை டெர்வென்ட் ஆற்றையும் படகையும் மலையையும் பற்றிய வரிகளே. பிற்காலத்தில் ‘பிரிலூட்’ எனப் பெயர்பெற்ற தன்வரலாற்றுப் பெருங்கவிதை இவ்வாறு ஊருக்கு வெகுதொலைவில் முளைவிட்டது. 1799 டிசம்பரில் இருவரும் கிராஸ்மியர் ஏரிக்கருகே ஒரு சிறு வீட்டில் குடியேறினர்.

1802ஆம் ஆண்டின் இளவேனில் அவருடைய வாழ்வின் திருப்புமுனை. மார்ச் 26ஆம் நாள் வானவில்லைப் பற்றிய சிறுபாடல் ஒன்று பிறந்தது. வானவில்லைக் கண்டால் குழந்தையாய் இருந்தபோது போலவே இன்றும் உள்ளம் துள்ளுகிறது, முதுமையிலும் அது துள்ள வேண்டும் என்பது அதன் பொருள். மறுநாட் காலையே வேறொரு நெடும்பாடலைத் தொடங்கினார். முந்தைய நாளின் நம்பிக்கை அதில் இல்லை. வானவில்லும் ரோஜாவும் நிலவும் முன்போலவே இருக்கின்றன. ஆயினும் அவற்றின்மேல் படர்ந்திருந்த ஏதோ ஒன்று நீங்கிவிட்டது என்பதே பேச்சு. ஓர் இரவுக்குள் உண்மை தலைகீழாகிவிட்டதா என்று கேட்கலாம். இரண்டும் உண்மை என்பதாலேயே அவரால் அங்கு நிற்க முடியவில்லை. நான்கு பத்திகள் எழுதினார். அந்த ஒளி எங்கே போயிற்று என்ற வினாவில் பாடல் நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகள் அது நின்ற இடத்திலேயே நின்றது. பாடலைத் தொடங்கியபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது நிறையவில்லை. விடையில்லாத இடத்தில் அலங்காரச் சொற்களைக் கொண்டு பாடலை முடித்துவிடாமல் அவர் காத்திருந்தார். கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

அந்த வரிகளைக் கேட்ட கோல்ரிட்ஜ், ஏப்ரல் 4ஆம் நாள் தம் துயரையெல்லாம் கொட்டி ஒரு பாட்டுக்கடிதம் எழுதினார். தம் கற்பனையாற்றல் வறண்டுவிட்டதென்று அதில் அறிவித்தார். அதன் சுருங்கிய வடிவம் அக்டோபர் 4ஆம் நாள், மேரி ஹட்சின்சனை வேர்ட்ஸ்வொர்த் மணந்த அதே நாளில், செய்தித்தாளொன்றில் வெளிவந்தது. ஒரே வினாவை இருவரும் எதிர்கொண்டனர். கோல்ரிட்ஜ் உடனே விடைகண்டு ஏறக்குறைய கவிதையையே கைவிட்டார். மற்றவர் விடையின்றிப் பொறுத்திருந்தார்.

கோல்ரிட்ஜின் மூத்த மகன் ஹார்ட்லிக்கு அப்போது ஐந்தரை வயது. தந்தையின் பாடலொன்றில் கைக்குழந்தையாகத் தோன்றிப் புகழ்பெற்றவன் அவன். தன் பெயரைப் பற்றிக் கேட்டவரிடம், ஹார்ட்லிகள் பலர் இருக்கிறார்கள் என்று சொல்லி, படத்து ஹார்ட்லி, நிழல் ஹார்ட்லி, எதிரொலி ஹார்ட்லி என்று அடுக்கி, இறுதியில் தன் கையைத் தானே இறுகப் பற்றிக் காட்டி, இன்னொருவன் இவன் என்றானாம். சுவரைப் பற்றிய சிறுவனின் மறுபதிப்பு என்றே இவனைச் சொல்லத் தோன்றுகிறது. சற்று வளர்ந்ததும் ஏஜக்ஸ்ரியா என்று ஒரு நாட்டையே படைத்து, அதன் போர்களையும் அரசியலையும் தம்பியிடம் நாள்தோறும் செய்திபோல் சொல்லி வந்தான். இந்தக் குழந்தையை நோக்கி வேர்ட்ஸ்வொர்த் அதே 1802இல் ஒரு பாடல் எழுதினார். வியப்போடு தொடங்கும் அப்பாடலில், இவன் வருங்காலத்தில் என்னாவான் என்ற கவலை வெகு விரைவில் புகுந்துவிடுகிறது.

அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள் நடந்த ஒன்றை டாரதியின் நாட்குறிப்பு காட்டுகிறது. அண்ணனும் தங்கையும் ஒரு சோலையில் மண்பள்ளத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தனர். கல்லறையில் இப்படிக் கிடந்து பூமியின் ஓசைகளைக் கேட்டுக்கொண்டிருப்பது இனிதாயிருக்கும் என்று அவர் எண்ணினார். கல்லறை என்பது விழித்தபடி படுத்திருக்கும் இடம் என்னும் இந்தக் குழந்தை எண்ணம், அவருடைய நெடும்பாடலின் பிற்பகுதியிலும் இடம்பெற்றது. 1817இல் வெளியிட்ட திறனாய்வு நூலில் கோல்ரிட்ஜ் அதனை அருவருத்தார். ஆறு வயதுக் குழந்தையை ஞானி என்று அழைப்பதற்கு என்ன பொருள் என்றும் கேட்டார். ஹார்ட்லியின் தந்தையே இக்கேள்வியைக் கேட்டது வியப்புக்குரியது. வேர்ட்ஸ்வொர்த் குழந்தையின் ஞானத்தைப் பாடலில் அப்படியே விட்டுவைத்தார். கல்லறை வரிகளை மட்டும் அடுத்த பதிப்பில் நீக்கினார். நீக்கியிருக்க வேண்டியதில்லை. குழந்தையின் கண்ணைக் கொண்டு பார்த்த வரிகள் அவையே.

1804ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோன பாடல் மீண்டும் நகர்ந்தது. உயிர் பிறவிக்கு முன்னர் வேறோர் இடத்தில் இருந்தது, அதன் ஒளியோடு இங்கு வந்து வளர வளர அதனை மறக்கிறது என்னும் பழைய பிளேட்டோனியக் கருத்தை அவர் கருவியாகக் கொண்டார். அதனைச் சமயக் கொள்கையாகத் தாம் போதிக்கவில்லை, ஆர்க்கிமிடீஸ் நெம்புகோலுக்கு ஓர் ஊன்றிடம் கேட்டதைப்போல் கவிஞனாகப் பயன்படுத்திக்கொண்டேன் என்ற பொருள்படப் பின்னர் விளக்கினார். வளரும் பிள்ளை பெரியவர்களைப் பார்த்துத் திருமணமும் வழக்கும் வாணிகமும் நடித்து விளையாடுவதையும், அந்த நடிப்பே நாளடைவில் அவன்மேல் இறுகிவிடுவதையும் ஒரு பத்தி காட்டுகிறது. அவர் கண்ட விடை எளிதில் மகிழ்ச்சி தருவதன்று. ஒளி திரும்பாது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். தாம் நன்றி சொல்வது குழந்தையின் களிப்புக்காக அன்று என்றும், பொருள்கள் கண்முன் கரைந்து விலகிய அந்தக் கலக்கத்துக்காகவே என்றும் கூறுகிறார். அதாவது, சுவரைப் பற்ற வைத்த அச்சத்துக்கே நன்றி. அந்த அச்சத்தை நினைவுகூர முடிகிற வரையில் மனிதன் முற்றிலும் வறியவனாகிவிடவில்லை.

அல்ஸ்வாட்டர் கரையில் டாஃபடில் மலர்களை அவரும் டாரதியும் கண்டது 1802 ஏப்ரல் 15ஆம் நாள். டாரதி உடனே நாட்குறிப்பில் எழுதிவிட்டார். பாடல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்தே வந்தது. அதன் சிறந்த இரண்டு அடிகள் மனைவி மேரி தந்தவை என்று கவிஞரே சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் ஆங்கிலம் படித்த பல தலைமுறையினர் அம்மலரைக் கண்ணாற் காணாமலே அப்பாடலை மனப்பாடம் செய்தனர். அதுவும் பழுதில்லை, அப்பாடலின் பொருளே மலர் எதிரில் இல்லாதபோது மலர்வதுதான்.

1807இல் இரு தொகுதிகளாக வெளிவந்த கவிதைகளின் இறுதியில் அந்த நெடும்பாடல் வைக்கப்பட்டது. எடின்பரோ ரெவ்யூ இதழில் பிரான்சிஸ் ஜெஃப்ரி அது விளங்கவில்லை என்று தள்ளினார். அதற்குள் வாழ்க்கையின் நிறம் மாறியிருந்தது. 1805 பிப்ரவரியில் தம்பி ஜான் தாம் தலைவராயிருந்த கப்பலோடு மூழ்கி இறந்தார். 1812இல் மூன்று வயது மகள் கேத்தரினும் ஆறு வயது மகன் தாமஸும் ஆறு மாத இடைவெளியில் மறைந்தனர். குழந்தைக்குச் சாவு இல்லை என்று பாடியவர் இரண்டு குழந்தைகளைக் கிராஸ்மியர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார். மறு ஆண்டு அரசு முத்திரைத்தாள் விநியோக அதிகாரியாகி, ரைடல் மவுண்ட் என்னும் பெரிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். புரட்சியைப் பாடியவர் பின்னாளில் நாடாளுமன்றச் சீர்திருத்தத்தை எதிர்த்தார். ஷெல்லியும் பிரௌனிங்கும் அவருடைய மாற்றத்தைக் கண்டு மனம் நொந்து பாடினர். 1843இல் அரசவைக் கவிஞர் பதவி வந்தது. இவ்வளவும் எல்லாரும் அறிந்தவை. பிற்கால வேர்ட்ஸ்வொர்த் வெறும் கூடு என்ற தீர்ப்பும் பழகிப்போனதே. அத்தீர்ப்புக்கு இடையூறாக 1817ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று நிற்கிறது. ஒரு மாலைப்பொழுதின் அசாதாரண ஒளியில், இளமையில் இழந்த காட்சி நொடிப்பொழுது அவரிடம் திரும்பி வருகிறது. வந்ததை அடையாளம் கண்டுகொள்கிறார். இரவு கவிந்ததும் அது போய்விடுகிறது. அதனைத் தக்கவைத்துக்கொள்ள அவர் போராடவில்லை.

ஹார்ட்லியின் கதை வேறு வகையாகச் சென்றது. ஆக்ஸ்போர்டின் ஓரியல் கல்லூரியில் ஆய்வுப் பதவி பெற்று, குடிப்பழக்கத்தால் 1820இல் அதனை இழந்தார். ஆம்பிள்சைடில் பள்ளி நடத்தினார், அது நிலைக்கவில்லை. 1833இல் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டார். அதிலுள்ள சானெட்டுகள் இன்றும் படிக்கத்தக்கவை. இளமையிலேயே நரைத்த தலையும் குழந்தை நடையுமாக ஏரிக்கரைகளில் அலைந்தார். ஊரார் அவர்மேல் அன்பு வைத்திருந்தனர். வேர்ட்ஸ்வொர்த் குடும்பத்தார் அவரைக் கண்காணித்து உதவினர். கற்பனை மங்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அவருடைய வாழ்வு ஒரு விடை, பொறாமைப்படத்தக்க விடையன்று. 1849 ஜனவரி 6ஆம் நாள், ரைடல் ஏரிக்கரைக் குடிசையொன்றில் ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் இறந்தபோது, எழுபத்தெட்டு வயது வேர்ட்ஸ்வொர்த்தே கிராஸ்மியர் கல்லறைக்கு வந்து, தம் குடும்பத்துக்கென ஒதுக்கிய இடத்தின் அருகே அவருக்கு இடம் குறித்துக் கொடுத்தார். அன்பு மகள் டோராவை அங்கே அடக்கம் செய்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

1850 ஏப்ரல் 23ஆம் நாள் வேர்ட்ஸ்வொர்த்தும் அதே மண்ணுக்குப் போனார். 1805இல் பதின்மூன்று பகுதிகளாக எழுதி முடித்த தன்வரலாற்றுக் கவிதையை அவர் உயிரோடிருந்தவரை வெளியிடவில்லை. ஆண்டுக்கணக்கில் அடித்தும் திருத்தியும் வந்தார். மறைந்த சில மாதங்களில் அது பதினான்கு பகுதிகளாக வெளிவந்தது. ‘பிரிலூட்’ என்ற பெயரும் மேரி இட்டதே. எர்னஸ்ட் டி செலின்கோர்ட் 1926இல் பழைய வடிவத்தையும் அச்சேற்றிய பின்னர், இளைஞர் எழுதியதைக் கிழவர் எங்கெங்கே மாற்றினார் என்று வரிக்கு வரி ஒப்பிட முடிந்தது. பல இடங்களில் சமயப் பணிவு வந்து சேர்ந்திருக்கிறது. துணிந்த கூற்றுகள் சில மழுங்கியிருக்கின்றன. படகைத் திருடிய மாலையைப் பற்றிய பகுதியிலும் அவர் கைவைத்திருக்கிறார்.